ஏரிக்கரையில் ஒரு கோடை முகாம்

சாரணர் இயக்கம் என்றதும் காக்கிச் சட்டையும், கழுத்தில் முடிச்சிட்ட துணியும், மூன்று விரல் உயர்த்திச் செய்யும் வணக்கமும் நம் நினைவுக்கு வருகின்றன. நம் பள்ளிகளில் பயின்ற பலரும் அந்தச் சட்டையை ஓராண்டேனும் அணிந்திருப்போம். ஏதேனும் ஓர் ஆற்றங்கரையிலோ மலையடிவாரத்திலோ கூடாரமடித்து, கல் கூட்டி அடுப்பு மூட்டி, அரைவேக்காட்டுச் சோற்றை ஆனந்தமாய் உண்டிருப்போம். அத்தகைய முகாம்களுக்கு வரலாறு எழுதுவார் இல்லை. கோடை முடிந்ததும் கூடாரங்கள் மடிக்கப்படுகின்றன. சாம்பலை மழை கரைத்துவிடுகிறது. ஆயினும் சில முகாம்கள் தாம் மறைந்த பின்னரும் உலகின் போக்கில் தம் தடத்தை விட்டுச் செல்கின்றன. அமெரிக்க நாட்டில், நியூயார்க் நகருக்கு வடக்கே, கனவாக்கி என்னும் ஏரியின் கரையில் இருந்த சாரணர் கோடை முகாம் அத்தகையது. அதன் கதையை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், நகரிலிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் தொலைவில், கரடி மலை என்று பொருள்படும் பேர் மவுண்டன் எழுந்து நிற்கிறது. அதற்கு மேற்கே தொடர்ந்து செல்லும் குன்றுகளில் ஒரு காலத்தில் இரும்புச் சுரங்கங்கள் இருந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் முழங்கிய பீரங்கிகள் சிலவற்றுக்கு இரும்பு தந்தவை அக்குன்றுகளே. உலைகளுக்குக் கரி வேண்டி மரங்கள் வெட்டப்பட்டன. பின்னர் வேறிடங்களில் மலிவான இரும்பு கிடைக்கவே சுரங்கங்கள் மூடப்பட்டன, உலைகள் அவிந்தன. இரயில்வே தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய எட்வர்டு ஹாரிமன் என்பார் 1880களில் அங்கே நிலம் வாங்கத் தொடங்கினார். அந்தக் காடு மேலும் அழியாமல் காக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

இதற்கிடையே நியூயார்க் மாநில அரசு அதே கரடி மலையடியில் பெரிய சிறைச்சாலை ஒன்றைக் கட்டத் திட்டமிட்டது. கைதிகளைக் கொண்டே காடு திருத்தும் வேலையும் தொடங்கியது. 1909இல் ஹாரிமன் மறைந்தார். அவருடைய துணைவியார் மேரி ஹாரிமன், கணவரின் எண்ணத்தை நிறைவேற்றும் பொருட்டு, பத்தாயிரம் ஏக்கர் நிலத்தையும் பத்து இலட்சம் டாலரையும் மக்களுக்கான பூங்காவிற்கென மாநிலத்திற்கு அளிக்க முன்வந்தார். சிறைத் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அரசு இசைந்தது. 1910 அக்டோபரில், இன்னும் பத்தொன்பது வயது நிறையாத அவருடைய மகன் அவரெல் கொடைப் பத்திரத்தைக் கையளித்தார். பீரங்கிக்கு இரும்பு தந்த குன்றுகள், சிறைச்சாலை எழ வேண்டிய நிலம், சிறுவர்கள் விளையாடும் காடாக மாறியது இவ்வாறுதான்.

பூங்காவை உருவாக்கும் பொறுப்பை ஏற்றவர் வில்லியம் வெல்ச் என்னும் பொறியாளர். சதுப்பு நிலங்களின் குறுக்கே அணைகள் எழுப்பி, ஏரிகளை உண்டாக்கினார் அவர். அவர் காலத்தில் அப்பூங்காவில் தோன்றிய ஏரிகள் இருபதுக்கும் மேற்பட்டவை. இன்று அங்கே செல்வோர் இயற்கையின் கைவண்ணம் என்று வியந்து நோக்கும் நீர்ப்பரப்புகள் பலவும் மனிதர் திட்டமிட்டுத் தேக்கியவையே. கனவாக்கி ஏரியும் அணையால் பெருகியதே.

ஏரிகளைத் தேக்கியதன் நோக்கம் கண்ணுக்கு அழகு சேர்ப்பது மட்டுமன்று. அக்கால நியூயார்க்கின் நெருக்கமான குடியிருப்புகளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஏழைகள், காற்றோட்டமற்ற அறைகளில் ஒரே வீட்டில் பல குடும்பங்களாக அடைந்து கிடந்தனர். காசநோய் அவர்களை அரித்தது. ஆற்று வழியே நீராவிப் படகில் ஏற்றி, சில நாட்களேனும் தூய காற்றிலும் தெளிந்த நீரிலும் அவர்களின் பிள்ளைகளை வைத்திருந்தால் உடலும் உள்ளமும் வலுப்பெறும் என்று நல்லோர் பலர் நம்பினர். 1913 அளவில் பூங்காவில் குழு முகாம்கள் தொடங்கின. 1910இல் அமெரிக்காவில் தோன்றிய சாரணர் இயக்கம் சில ஆண்டுகளிலேயே கனவாக்கி ஏரிக்கரையில் தன் கோடை முகாம்களை அமைத்தது. நகரத்துச் சிறுவர்கள் ஒவ்வொரு கோடையிலும் அங்கே வந்து தங்கினர்.

அந்தச் சிறுவர்களின் மகிழ்ச்சியை விவரிக்க நமக்குப் பெரிய கற்பனை தேவையில்லை. முடிச்சுப் போடக் கற்றனர். தீ மூட்டக் கற்றனர். பறவைகளின் பெயரையும் மரங்களின் பெயரையும் கற்றனர். நச்சுப் பாம்புகள் வாழும் அக்குன்றுகளில் பாம்பைக் கண்டால் அடிக்காமல் அறிந்துகொள்ளவும் பயின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏரியில் நீந்தினர். தெருக் குழாயன்றி வேறு நீர்நிலை அறியாத பிள்ளைக்கு ஓர் ஏரி முழுவதும் தனதாகக் கிடைப்பது எத்தகைய பேறு!

அச்சத்தின் ஆண்டு

அவ்வேரிக்கரையின் வரலாற்றில் நிழல் ஒன்றும் படிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 1916ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டுக் கோடையில் நியூயார்க் நகரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. நகரில் மட்டும் ஏறக்குறைய 9,000 பேர் நோயுற்றனர். 2,400 பேர் மடிந்தனர். பெரும்பாலோர் குழந்தைகள். நாடு முழுவதிலும் 27,000 பேர் வரை பாதிக்கப்பட்டனர். இறந்தோர் தொகை 6,000.

நோய் எவ்வாறு பரவுகிறது என்று அன்று எவருக்கும் திட்டமாகத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் அச்சம் புகுந்தது. அச்சம் புகுந்த இடத்தில் பழி புகுந்தது. நோய் முதலில் புரூக்ளின் பகுதியில் இத்தாலியக் குடியேறிகள் வாழ்ந்த தெருக்களில் வெளிப்பட்டதால், அந்த ஏழைக் கத்தோலிக்க மக்களே நோயைக் கொண்டுவந்தனர் என்று பேசப்பட்டது. பூனைகள் நோயைச் சுமக்கின்றன என்று வதந்தி கிளம்பவே, அவை பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டன. குழந்தைகளுடன் நகரை விட்டு வெளியேறிய குடும்பங்களை, சுற்றியிருந்த ஊரார் துப்பாக்கி ஏந்திய காவலர்களைக் கொண்டு எல்லையிலேயே திருப்பி அனுப்பினர்.

அவ்வாண்டு அச்சத்தில் ஆழ்ந்த தந்தையருள் ஒருவர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட். அப்போது அவர் கடற்படைத் துறையின் துணைச் செயலர். அவருடைய ஐந்து பிள்ளைகளும் தாயுடன் கனடா எல்லையிலுள்ள காம்பபெல்லோ தீவின் கோடை இல்லத்தில் இருந்தனர். நோயின் வேகம் தணியும் வரை அவர்களை அங்கேயே இருத்தினார். இலையுதிர் காலத்தில் இரயிலில் அழைத்து வர அஞ்சி, கடற்படைக் கப்பல் ஒன்றிலேயே ஊர் கொண்டுவந்து சேர்த்தார். செல்வமும் செல்வாக்கும் உடைய ஒரு தந்தை தம் பிள்ளைகளைக் காக்கச் செய்யக் கூடியது அனைத்தையும் செய்தார். ஐந்தே ஆண்டுகளில் நோய் அவரையே தேடி வந்தது.

ஒரு நாள் விருந்து

1921ஆம் ஆண்டுக் கோடை. முந்தைய ஆண்டில் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றிருந்த ரூஸ்வெல்ட்டிற்கு அப்போது வயது முப்பத்தொன்பது. நியூயார்க் பெருநகரச் சாரணர் பணிக்கு நிதி திரட்டும் குழுவின் தலைமைப் பொறுப்பில் அவர் இருந்தார். ஜூலை மாத இறுதியில், சாரணர் இயக்கத்திற்கு உதவும் பிரமுகர்கள் சிலருடன் படகில் ஹட்சன் ஆற்றின் வழியே கரடி மலைக்குச் சென்றார். அங்கிருந்து முகாமுக்குச் சென்று சாரணர்களைக் கண்டார். சிறுவர்கள் அணிவகுத்து நின்றனர், விருந்து நடந்தது, உரைகள் நிகழ்ந்தன. ரூஸ்வெல்ட் உற்சாகமாகக் கலந்துகொண்டார் என்று தெரிகிறது.

அன்று எடுத்த புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. நெடிதுயர்ந்த உருவம், முகத்தில் மலர்ச்சி, எவர் துணையுமின்றித் தம் கால்களில் நிற்கிறார். ரூஸ்வெல்ட் பிறர் துணையின்றி நின்றும் நடந்தும் காணப்படும் கடைசிப் படங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

அதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவையே. ஆகஸ்டு தொடக்கத்தில் அவர் காம்பபெல்லோ சென்றார். 10ஆம் நாள் பிள்ளைகளுடன் படகோட்டினார். ஒரு சிறு தீவில் பற்றிய காட்டுத்தீயை அணைத்தார். குளிர்ந்த நீரில் நீந்தினார். அன்று மாலையே உடல் நடுங்கிற்று. மறுநாள் ஒரு கால் வலுவிழந்தது. ஓரிரு நாட்களில் எழுந்து நிற்க இயலவில்லை. முதலில் பார்த்த மருத்துவர்கள் நோயைத் தவறாகக் கணித்தனர். 25ஆம் நாள் வந்த வல்லுநர் ராபர்ட் லவெட், இது இளம்பிள்ளை வாதம் என்றார். அதன்பின் ரூஸ்வெல்ட் தம் வாழ்நாளில் ஒரு முறையும் தாமாக நடக்கவில்லை.

முகாமிற்குச் சென்றதற்கும் நோய் கண்டதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு வாரங்கள். போலியோ கிருமி உடலில் புகுந்து வாதமாக வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே, சிறுவர் திரள் கூடிய அந்த முகாமிலேயே கிருமி அவரைத் தொற்றியிருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். இது நிகழக்கூடியதே, நிறுவப்பட்டதன்று. 2003இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர் சிலர், அவருக்கு வந்தது போலியோவே அன்று, கியான்-பாரே என்னும் வேறொரு நரம்பு நோயாக இருக்கலாம் என்றும் எழுதினர். அவருடைய வீட்டில் உடனிருந்த பிள்ளைகளில் எவருக்கும் வாதம் வரவில்லை. ஆகவே அந்த ஏரிக்கரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. ஐயத்தின் நிழலை மறைக்கவும் உரிமையில்லை.

அறியாமல் விளையும் தீங்கு

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பிற்காலத்தில் மருத்துவ உலகம் கண்டறிந்த உண்மை இது: போலியோ கிருமி பெரும்பாலும் மலத்தால் மாசுபட்ட நீர், உணவு, கைகள் வழியே பரவுகிறது. கிருமி தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு நோயின் அறிகுறியே தோன்றாது. நலமுடன் ஓடியாடும் சிறுவன் ஒருவன், தானும் அறியாமல், பிறரும் அறியாமல், அதைச் சுமந்து திரியலாம். பலர் ஒருங்கே உண்டு, ஒரே நீரில் நீந்தி, அடுத்தடுத்து உறங்கும் எந்த முகாமும் அதற்கு ஏற்ற இடமே.

இன்னுமொரு வியப்பு உண்டு. நெருக்கமும் அழுக்கும் மிகுந்த தெருக்களில் குழந்தைகள் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் நீங்குமுன்பே கிருமியைச் சந்தித்து, பெரும்பாலும் தீங்கின்றித் தப்பினர். தூய்மையான சூழலில் வளர்ந்தோர் அதைக் காலந்தாழ்த்திச் சந்தித்தனர். அவர்களையே வாதம் கடுமையாகத் தாக்கியது. 1916இல் நியூயார்க்கின் பகுதிகளுள் நெருக்கம் குறைந்த ஸ்டேட்டன் தீவில்தான், மக்கள்தொகையை நோக்க, நோய் மிகுதியாக இருந்தது. இத்தாலிய ஏழைகள் மீது சுமத்திய பழி எத்துணை அநீதியானது என்பது அப்போதே கண்ணெதிரில் இருந்தது, காண்பாரில்லை. ரூஸ்வெல்ட்டும் பதினான்கு வயது வரை பெரும்பாலும் பள்ளிக்கு அனுப்பப்படாமல், பெரிய பண்ணை வீட்டில் ஆசிரியர்களை வைத்துப் பேணி வளர்க்கப்பட்டவர். அப்பேணுதலே அவரைக் காப்பற்றவராக்கியது எனலாம்.

ஆக, நலம் தரவென்றே அணை கட்டித் தேக்கிய ஏரி. நலம் தரவென்றே நடத்திய முகாம். நலம் நாடியே சென்ற விருந்தினர். இவர்களில் தீங்கு எண்ணியவர் ஒருவருமில்லை. ஆயினும் தீங்கு விளைந்திருக்கலாம். நல்லெண்ணம் ஒன்றே போதும் என்று நாம் பலமுறை நம்பிவிடுகிறோம். பங்குகளிலும் பள்ளிகளிலும் விடுமுறைக் காலத்தில் சிறுவர்க்கு முகாம் நடத்தும் நாம், பாட்டையும் விளையாட்டையும் திட்டமிடும் அளவுக்குக் குடிநீரையும் கழிப்பறையையும் திட்டமிடுகிறோமா? அன்புக்குக் கண் உண்டு. அக்கண்ணுக்கு ஒளி அறிவிலிருந்தே வருகிறது.

பகைக்காத மனம்

கனவாக்கியின் வரலாற்றில் நம்மை மிகவும் தொடுவது இனிமேல் வருவது. தமக்கு நேர்ந்ததன் தொடக்கம் அந்த முகாமாக இருக்கலாம் என்ற நிலையில், ரூஸ்வெல்ட் சாரணர் பணியை விட்டு விலகியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் விலகவில்லை. இரும்புச் சட்டங்களைக் கால்களில் பூட்டிக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே, பெருநகரச் சாரணர் குழுவின் பொறுப்பைத் தொடர்ந்து ஏற்று நடத்தினார்.

சிறுவர்களின் தொகை ஆண்டுதோறும் பெருகியது. பூங்காவின் நிலம் பிற குழுக்களுக்கும் பொதுவானது, சாரணர்க்குச் சொந்தமன்று. ஆகவே சாரணர்க்கெனவே விரிந்த நிலம் தேட வேண்டியிருந்தது. ரூஸ்வெல்ட்டின் தலைமையில் நடந்த முயற்சியின் பயனாக, டெலவர் ஆற்றை ஒட்டிய சல்லிவன் மாவட்டத்தில், பத்தாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட காடும் ஏரிகளும் வாங்கப்பட்டன. டென் மைல் ரிவர் என்ற அந்த முகாம்கள் 1928இல் செயற்படத் தொடங்கின. நகரச் சாரணர்கள் கனவாக்கியை விட்டு அங்கே குடிபெயர்ந்தனர். பழைய ஏரிக்கரையில் சாரணர் முகாமின் நாட்கள் அத்துடன் நிறைவுற்றன.

1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு ஆகஸ்டில் டென் மைல் ரிவர் முகாமிற்கு வந்து சாரணர்களிடையே பேசினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கோடைக் காலத்தில், இவர்களைப் போன்ற சிறுவர்களிடையே தம் கால்களால் நடந்தவர், இப்போது நடக்க இயலாதவராய் மீண்டும் சிறுவர்களிடையே வந்தார். அப்போது அவர் மனத்தில் என்ன ஓடியது என்று நாம் சொல்லத் துணியவில்லை. வந்தார் என்பதே போதும்.

அவருடைய நோயிலிருந்து கிளைத்த பணி இன்னும் பரந்தது. ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் வெந்நீரூற்று உண்டு. அங்கே 1924 முதல் தாம் சிகிச்சை பெற்ற இடத்தை அவரே விலைக்கு வாங்கி, போலியோ நோயாளர்க்கான நிலையமாக்கினார். 1938இல் போலியோவுக்கு எதிரான தேசிய அறக்கட்டளையைத் தோற்றுவித்தார். பத்துக் காசு நாணயம் ஒன்றேனும் அனுப்புங்கள் என்று வானொலியில் வேண்டுகோள் விடுக்கப்படவே, வெள்ளை மாளிகைக்கு அஞ்சல் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது. செல்வர் சிலரின் பெருங்கொடையால் தொடங்கிய பூங்காவைக் கண்டோம். ஏழையரின் சில்லறைக் காசால் வளர்ந்தது இந்த அறக்கட்டளை. அதன் பொருளுதவியுடன்தான் ஜோனஸ் சால்க் தடுப்பூசி கண்டார். 1954இல் ஏறக்குறைய 18 இலட்சம் பள்ளிச் சிறுவர்கள் அதன் சோதனையில் பங்கேற்றனர். தடுப்பூசி பயன் தருகிறது என்னும் செய்தி 1955 ஏப்ரல் 12 அன்று அறிவிக்கப்பட்டது. ரூஸ்வெல்ட் மறைந்து சரியாகப் பத்தாண்டுகள் நிறைந்த நாள் அது.

நம் நாட்டிலும் இக்கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. சூம்பிய காலுடன், முழங்காலில் கை ஊன்றி நடந்து வந்த பிள்ளைகளை நம் தெருக்களிலும் கோயில் வாசல்களிலும் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. 1995இல் நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமைகளில் இளந்தாய்மார் கைக்குழந்தைகளுடன் வரிசையில் நின்றதும், இரண்டு சொட்டு பெற்ற பிஞ்சு விரலில் மை தீட்டியதும் நாம் கண்ட காட்சிகள். இயற்கைப் போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக நோயுற்றவர், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்துச் சிறுமி. 2011 சனவரி 13 அன்று அவளுக்கு நோய் கண்டது. 2014 மார்ச் 27 அன்று, நம் நாடும் தென்கிழக்காசிய மண்டலமும் போலியோ அற்றவை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நாம் பயன்படுத்திய சொட்டு மருந்து ஆல்பர்ட் சேபின் கண்டது. எனினும் அவருடைய ஆராய்ச்சிக்கும் அதே பத்துக் காசு அறக்கட்டளை உதவியிருந்தது.

கனவாக்கி ஏரி இன்றும் குன்றுகளிடையே கிடக்கிறது. பொது மக்கள் உண்டு இளைப்பாறும் இடமும் அதன் கரையில் உண்டு. அங்கே அமரும் குடும்பங்களுள் எத்தனை பேர் இதையெல்லாம் நினைப்பார்கள்? ஒரு விதவையின் கொடை, ஒரு பொறியாளரின் அணை, ஆயிரமாயிரம் ஏழைச் சிறுவர்களின் களிப்பு, ஒரு மனிதரின் கடைசி நடை, இவை யாவும் அந்த நீரின் வரலாறே. களிப்பை மட்டும் எழுதினால் அது புகழுரை. நோயை மட்டும் எழுதினால் அது பழிச்சொல். இரண்டையும் ஒருங்கே ஏற்பதே நேர்மை.

நம் ஊர்களிலும், நிறுவனங்களிலும், குடும்பங்களிலும் இத்தகைய ஏரிக்கரைகள் உண்டு. நமக்கு நன்மை செய்த இடங்களே நம்மைக் காயப்படுத்தியும் இருக்கலாம். அவற்றை மறக்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். நேர்ந்ததை உள்ளவாறு அறிந்து, அடுத்து வரும் பிள்ளைக்கு அது நேராதபடி செய்வோம். நடக்க இயலாத அந்த மனிதர் இந்த வழியில்தான் சென்றார்.